இடக்கரடக்கலும் சைகை மொழியும்: காதுகேளா மாணவர்க்கான பாலியல் கல்வி குறித்து

தமிழ் இலக்கண மரபு தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறது. அவையில் கூறத்தகாத சொல்லை ‘அவையல் கிளவி’ எனச் சுட்டி, அதனை மறைத்துக் கூறுமாறு தொல்காப்பியம் விதிக்கிறது. மூவகைப் பாகுபாட்டை நன்னூல் தெளிவுறத் தருகிறது. ‘கால் கழுவி வருதல்’ என்னும் பழைய எடுத்துக்காட்டு முதல் ‘வீட்டுக்கு விலக்கு’, ‘வயதுக்கு வந்தாள்’, ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்னும் இன்றைய வழக்குகள் வரை இம்மரபு அறுபடாமல் தொடர்கிறது. இவ்வழக்கைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் கூறுவோன் பக்கம் நின்றே அமைந்துள்ளன. கூறுவோன் எதனை மறைக்கிறான், ஏன் மறைக்கிறான், எச்சொல்லால் மறைக்கிறான் என்பனவே ஆராயப்பட்டன. மறைத்துக் கூறியதைக் கேட்போன் எவ்வாறு அறிந்துகொள்கிறான் என்ற வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை.

இவ்வினாவைக் கூர்மையுடன் எழுப்புவோர் காதுகேளா மாணவர்கள். இம்மாணவர்கட்குப் பாலியல் அறிவு குறைவு என்றும், அதற்குக் காரணம் அவர்தம் மொழித்திறன் குறைவே என்றும் ஆசிரியரும் பெற்றோரும் கூறுவது வழக்கம். கற்பிக்கும் மொழியின் இயல்பை ஆராயாமல் கற்போரின் குறையை மட்டும் அளப்பது இக்கூற்றின் பிழை.

அறிந்தார்க்கே விளங்கும் வழக்கு

‘முழுகாமல் இருக்கிறாள்’ என்னும் தொடரை முதன்முறை கேட்கும் சிறுமிக்கு அதன் பொருள் விளங்காது. ஆயினும் அத்தொடரைச் சொன்னவரின் தணிந்த குரல், கேட்டவரின் மகிழ்ச்சி, சில மாதங்களில் அப்பெண்ணின் உடலில் தோன்றும் மாற்றம், அதே செய்தியைப் பாட்டி அடுத்த வீட்டாரிடம் வேறு சொற்களில் கூறுவது ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்து பொருளைத் தந்துவிடுகின்றன. யாரும் அச்சிறுமிக்குக் கற்பிப்பதில்லை. அவளிடம் யாரும் பேசவும் இல்லை. பிறர் தமக்குள் பேசிக்கொள்வது அவள் காதில் விழுகிறது, அவ்வளவே. இடக்கரடக்கல் இயங்குவது இத்தகைய முன்னறிவின் மீது. மறைக்கப்பட்ட பொருளை முன்பே அறிந்தவனுக்குத்தான் மறைக்கும் சொல் குறிப்பாகப் பயன்படும்.

காதுகேளாக் குழந்தை இச்சூழலில் பாதியை மட்டும் பெறுகிறது. உடல் மாற்றத்தையும் முகக்குறிப்பையும் அது காண்கிறது. அவற்றைப் பிணைக்கும் பேச்சு அதற்கு எட்டுவதில்லை. இக்குழந்தைகளுள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் காதுகேட்கும் பெற்றோர்க்குப் பிறந்தவர்கள். வீட்டில் உணவு, உறக்கம், பள்ளி பற்றிய சில சைகைகள் உருவாகின்றன. அச்சைகைகள் குழந்தையை நோக்கிச் செய்யப்படுபவை. பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது கைகள் ஓய்ந்துவிடுகின்றன. எனவே பிறர் உரையாடலைக் கவனித்துக் கற்கும் வாய்ப்பு அங்கு இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர் எனக் காட்டுகிறது. முதுமையில் செவித்திறன் இழந்தோரும் இத்தொகையுள் அடங்குவர்; அவர்களை நீக்கினாலும் எஞ்சும் இளையோர் தொகை சிறிதன்று.

வீட்டில் கிடைக்காததைப் பள்ளி ஈடுசெய்ய வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் பள்ளி மொழியும் இதே மரபில் வந்த மொழியே.

பாடநூலின் தமிழ்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றியும், பத்தாம் வகுப்பில் தாவர, விலங்கு இனப்பெருக்கம் பற்றியும் பாடங்கள் உள்ளன. விந்தகம், அண்டகம், கருப்பை, கருவுறுதல் முதலான கலைச்சொற்கள் தமிழாக்கத்தின் வெற்றிகள் எனப் பாராட்டத்தக்கவை. வடமொழி, ஆங்கிலக் கடன்களைவிடச் சொல்லமைப்பு வெளிப்படையானவை. ஆனால் வெளிப்படைத்தன்மையும் அடிச்சொற்களை அறிந்தோர்க்கே பயன்படும். ‘கரு’ என்னும் சொல்லை அறியாது ‘கருப்பு’ என்னும் நிறப்பெயரை மட்டும் அறிந்த மாணவன் ‘கருப்பை’ என்பதை இரண்டாம் வேற்றுமை ஏற்ற நிறப்பெயராகப் படிப்பதற்கு எழுத்து வடிவில் எவ்விதத் தடையும் இல்லை. எழுத்தின் வழியாக மட்டுமே தமிழைப் பெறுவோர்க்கு இது வேடிக்கையான பிழையன்று.

‘பால்’ என்னும் சொல் இதனினும் தொல்லை தருவது. அருந்தும் பால், இலக்கணத்தின் ஐம்பால், ஆண் பெண் என்னும் பகுப்பு ஆகிய அனைத்தும் இவ்வொரு வடிவில் அடங்குகின்றன. பாலியல், பாலுறவு, பால்வினை நோய், பாலுறுப்பு என்னும் தொடர்ச் சொற்கள் இதன் மேல் எழுப்பப்பட்டவை. காதுகேளாக் குழந்தை முதலில் கற்கும் ‘பால்’ காலையில் குடிக்கும் பால். தமிழ்ச் சொல் வரிசையைப் பின்பற்றிச் சொல்லுக்குச் சொல் சைகை செய்யும் முறை நம் வகுப்பறைகளில் உண்டு. இது இந்திய சைகை மொழியாகாது. தமிழைக் கைகளால் எழுதும் ஒரு முறை மட்டுமே. இம்முறையில் ‘பாலுறவு’ என்பதை ஓர் ஆசிரியர் பெயர்க்க முற்பட்டால், குடிக்கும் பாலுக்குரிய சைகையும் உறவினர்க்குரிய சைகையும் அடுத்தடுத்துத் தோன்றும். காணும் மாணவன் அத்தையையும் மாமனையும் நினைக்கக்கூடும்.

சொற்களைவிடத் தொடரமைப்பே கருதத்தக்கது. இத்தகைய பாடங்கள் உறுப்புகளை விரிவாக வருணிக்கும். பின்னர் ‘விந்து வெளியேற்றப்படுகிறது’, ‘கருவுறுதல் நிகழ்கிறது’ என்னும் தொடர்களுக்குத் தாவும். விந்தணு எங்ஙனம் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலை அடைந்தது என்பது இரு தொடர்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் உள்ளது. செயப்பாட்டு வினையும் எழுவாய் மறைந்த தொடரும் இங்கு இலக்கண உருவில் வந்த இடக்கரடக்கலே. காதுகேட்கும் மாணவன் அவ்வெற்றிடத்தைத் தெருவிலும் திரையிலும் கேட்டவற்றைக்கொண்டு, சரியாகவோ தவறாகவோ, நிரப்பிவிடுகிறான்.

மொழியால் நிரப்பாததைப் படத்தால் நிரப்பலாம் என்பது அடுத்த வாதம். 2005இல் தொடங்கப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தின. அவ்வெதிர்ப்புக்கு உள்ளான பொருள்களுள் படங்களும் இருந்தன என்பது நினைவுகூரத்தக்கது. படங்கள் தடையின்றிக் கிடைத்தாலும் அவை மொழிக்கு ஈடாகா. உள்ளுறுப்பின் குறுக்குவெட்டுப் படம் கற்றறிந்தோரின் மரபுக் குறியீடு. அதனைத் தன் உடலோடு பொருத்திக் காண்பதற்கு விளக்கம் வேண்டும். காதுகேளாதவர் கண்ணால் கற்பவர், ஆகவே படம் போதும் என்னும் எளிய நம்பிக்கை, ஆசிரியரை மொழிப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்கு மட்டுமே பயன்பட்டு வந்திருக்கிறது.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்னும் பரவலான பாடத்தையும் இங்கு நோக்கலாம். ‘நல்ல’ என்பதற்குக் கட்டைவிரலும் ‘கெட்ட’ என்பதற்குச் சுண்டுவிரலும் உயர்த்தப்படும். இவை குழந்தைக்குத் தெரிந்தவை. ‘தொடுதல்’ என்பதற்கு ஒரு கையின் புறத்தை மறுகையால் தொட்டுக் காட்டும் பொதுவடிவம் பயன்படுத்தப்படுமானால், பாடம் முழுவதும் கையைத் தொடுவது பற்றியதாகிவிடும். தமிழ் வினை இடத்தைக் கூறாது விடலாம். சைகை வினையோ பெரும்பாலும் உடலில் ஓர் இடத்தில் நிகழ்ந்தே தீரும். இடத்தைச் சொல்லக் கூசும் ஆசிரியர் பாதுகாப்பான ஓரிடத்தைத் தேர்ந்துவிடுகிறார். பாடத்தின் கருப்பொருள் அத்தேர்விலேயே தொலைந்துபோகிறது. மேலும் நன்மை தீமை என்பது குழந்தைக்குப் பெரும்பாலும் கீழ்ப்படிதலோடு தொடர்புற்றது. பெரியவர் செய்வது நல்லது என்று கற்ற குழந்தை, பெரியவர் ஒருவரின் தொடுகையை எந்த விரலுக்கு உரியதாகக் கொள்ளும் என்பது ஐயத்திற்குரியது.

ஆபாசம் என்னும் குற்றச்சாட்டு

பாலியல் பொருள்களுக்குச் சைகைகள் இல்லையா என்றால், உண்டு. அமெரிக்கச் சைகை மொழியின் பாலியல் சொற்களைத் தொகுத்து ஜேம்ஸ் உட்வர்ட் என்னும் மொழியியலறிஞர் 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே அறிஞர் மதன் வசிஷ்டா முதலியோருடன் இணைந்து 1970களின் இறுதியில் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஆராய்ந்தவர் என்பது இந்திய வாசகர் அறியவேண்டிய செய்தி. அந்நான்கு நகரங்களுள் சென்னை இடம்பெறவில்லை. இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. பாராட்டத்தக்க பணி. எனினும் ஒரு சொல்லுக்கு ஒரு சைகை என்னும் அகராதி அமைப்பு, இடமும் திசையும் மாறப் பொருள் மாறும் சைகை வினைகளுக்கு முழுதும் பொருந்துவதன்று. பாலியல் பொருட்புலத்தில் இக்குறை மிகுதியும் வெளிப்படும்.

பள்ளிகள் இச்சைகைகளைத் தவிர்ப்பதற்குக் கூறும் காரணம் அவை ஆபாசமானவை என்பது. காதுகேட்கும் ஆசிரியரின் கண்ணுக்கு இவற்றுள் பல, உறுப்பையோ செயலையோ வரைந்து காட்டும் ஓவியங்களாகத் தோன்றுகின்றன. மொழியியல் நோக்கில் இது மேலும் ஆராயத்தக்கது. உருவொப்புமையுடன் பிறந்த சைகைகள் வழக்கில் தேய்ந்து மரபுக்குறிகளாக மாறுவதை நான்சி ஃபிரிஷ்பெர்க் 1975இல் அமெரிக்கச் சைகை மொழியில் காட்டினார். உருவொப்புமை எஞ்சியிருக்கும் சைகையிலும், அதனைத் தாய்மொழியாகக் கையாள்வோர் ஒவ்வொரு முறையும் ஓவியத்தைக் காண்பதில்லை. ‘முழுகாமல்’ என்று கூறும் தமிழர் குளத்தையும் நீரையும் எண்ணாதது போன்றதே இதுவும். சொல்லின் பிறப்பை ஒவ்வொரு முறையும் காண்பவன் அம்மொழிக்கு அயலான். எனவே சைகையில் ஆபாசம் காணும் கண், பெரும்பாலும் அம்மொழியைக் கல்லாத கண்ணாகும்.

சைகை மொழி எதனையும் மறைக்க இயலாத மொழி எனக் கருதுவதும் இதே அயன்மையின் விளைவே. சைகையாளர் அவையறிந்து சைகை செய்பவர். சைகையின் பரப்பைச் சுருக்குதல், மார்புக்குக் கீழே தாழ்த்திச் செய்தல், மறுகையால் மறைத்தல், பார்வையை விலக்குதல் என அவர்தம் இடக்கரடக்கலுக்கும் உத்திகள் உள. இவற்றை அறியாத மொழிபெயர்ப்பாளர், நண்பர் கேலிக்குரிய சைகையை மருத்துவர் முன் பயன்படுத்திவிடக்கூடும். அந்நிலையில் ஆபாசம் என்னும் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் அது மொழிமீது சுமத்தத்தக்கதன்று, தேர்ந்தவர்மீது சுமத்தத்தக்கது.

சைகையைத் தவிர்ப்போர் நாடுவது விரலெழுத்து. இந்திய சைகை மொழியின் ஆங்கில விரலெழுத்து இருகைகளால் அமைவது. இரு சுண்டுவிரல்களைக் கோத்தல், ஒரு கையின் சுட்டுவிரல் நுனியைத் தொடுதல், இரு சுட்டுவிரல்களைக் குறுக்காக வைத்தல் என்னும் மூன்று அசைவுகளில் ‘செக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் எழுதப்பட்டுவிடும். ஆசிரியர்க்கு இது நாகரிகமானது. ஆங்கிலம் அறியாத, தமிழ் எழுத்துகளையும் அரிதின் முயன்று கற்றுவரும் மாணவனுக்கு இது மூன்று விரல் அசைவுகள் மட்டுமே. காதுகேட்கும் நடுத்தர வகுப்பினர் கூச்சமான இடத்தில் ஆங்கிலச் சொல்லைப் புகுத்தும் வழக்கம் கைகளுக்கும் தொற்றியதன் சான்றாக இதனைக் கொள்ளலாம். பேச்சில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கேனும் கேட்போரிடம் பொருள் உண்டு.

விடுதிச் சைகைகள்

இலக்கணம் கூறும் மூன்றாவது வகை குழூஉக்குறி. விடுதியுடன் அமைந்த காதுகேளாதோர் பள்ளிகளில் அது தானே வளர்கிறது. மூத்தோரிடமிருந்து இளையோர்க்குக் கைமாறும் இச்சைகைகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆசிரியர் காணாதவாறு செய்யப்படும். காதுகேளா மாணவர்க்குப் பாலியல் சொற்களே இல்லை என்னும் எண்ணத்தை இவை மறுக்கின்றன. ஆனால் இவ்வழக்கின் சொற்பரப்பு ஒருபக்கம் சாய்ந்தது. கேலிக்கும் வசைக்கும் வீரப்பேச்சுக்கும் உரியவை செழித்திருக்க, நோய், கருத்தடை, மறுப்பு, உடன்பாடு ஆகியவற்றுக்குரியவை மெலிந்திருப்பது இயல்பு. இவற்றைக் கற்பிக்கக்கூடிய முதியோர் அக்குழுவில் இல்லை. இக்கல்வியில் காதுகேளா ஆசிரியர்களின் தேவை இங்குத்தான் உணரப்படுகிறது. அவர்கள் அக்குறிகளையும் அறிவர், அவை எங்கு நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் அறிவர்.

1880ஆம் ஆண்டு மிலான் மாநாடு வாய்மொழிக் கல்வியை உயர்த்திச் சைகையைத் தாழ்த்தியது. அதன் நிழல் நீண்டது. அர்ஜென்டினாவின் மெண்டோசா மாநிலத்தில் காதுகேளாதோர்க்கான ஒரு சமயவழி விடுதிப் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளுக்காக 2019 நவம்பரில் பாதிரியார் இருவர்க்கு 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்பள்ளியில் மாணவர் சைகை மொழியைப் பயன்படுத்தத் தடை இருந்தது என்பது விசாரணைக் காலத்தில் பரவலாக வெளிவந்த செய்தி. சைகைத் தடை கல்விமுறை பற்றிய கருத்து வேறுபாடாக மட்டும் பேசப்பட்டு வந்தது. முறையிடும் வழியையும் அது அடைத்துவிடும் என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது.

தலையசைப்பும் சாட்சியமும்

உடன்பாடு என்னும் பொருளைத் தமிழில் ‘சம்மதம்’ என்பர். அச்சொல் திருமணப் பேச்சில் ஊறியது. பெரும்பாலும் பெற்றோர் கேட்கப் பெண் தலையசைப்பதாக அமைவது. தலையசைப்போ காதுகேளாதோர் வாழ்வில் வேறொரு வரலாறு உடையது. உதட்டசைவைப் பார்த்துப் பொருள் கொள்ளுமாறு பழக்கப்பட்ட மாணவன், விளங்காதபோதும் தலையசைக்கக் கற்றுக்கொள்கிறான். அசைத்தால் ஆசிரியர் அடுத்த மாணவனிடம் செல்வார். இங்ஙனம் ஒரே அசைவு ‘ஆம்’ என்றும், ‘கவனிக்கிறேன்’ என்றும், ‘போதும், விடுங்கள்’ என்றும் பொருள்படுகிறது. இம்மூன்றையும் பிரித்தறியக் கற்பிப்பது பாலியல் கல்வியின் மொழிப்பகுதியாகவே கருதப்பட வேண்டும். மறுத்துத் தலையசைக்கப் பழகாத மாணவிக்கு உடன்பாடு பற்றிய வரையறையை மனப்பாடம் செய்விப்பதால் பயனில்லை.

இத்தலையசைப்பு காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மீண்டும் தோன்றுகிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம் என்றது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், அத்தகைய சாட்சியின் வாக்குமூலத்தைப் பதியும்போது மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியைப் பெறவும் அதனை ஒளிப்பதிவு செய்யவும் வேண்டும் எனச் சேர்த்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டமும் இதனைப் பேணுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மொழிபெயர்ப்பாளர், சிறப்பாசிரியர் உதவிக்கு இடமுண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவலை உரிமையாக்கியுள்ளது. சட்டங்களில் குறைவில்லை. அவை எதிர்பார்க்கும் மொழித்திறன் எங்கு உருவாகிறது என்பதே சிக்கல்.

‘உன்னிடம் தவறாக நடந்தாரா?’ என்பது தமிழில் வழக்கமான வினா. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தவறு’, ‘நட’ என்னும் சைகைகள் வரும். தவறான வழியில் நடந்து சென்றாரா என்று குழந்தை பொருள் கொண்டு தலையை மறுத்தசைத்தால், அது குற்றமின்மைக்குச் சான்றாகப் பதிவாகலாம். ‘கெடுத்தான்’, ‘நாசம் செய்தான்’ என்பனவும் இத்தகையவே. இதழ்கள் ‘கற்பழிப்பு’ என்பதைக் கைவிட்டுப் ‘பாலியல் வன்கொடுமை’ என்பதை மேற்கொண்டது வரவேற்கத்தக்க மாற்றம். பழிச்சொல்லின் பாரம் பாதிக்கப்பட்டவளிடமிருந்து நீங்கியது. செயலைச் சுட்டாமை மட்டும் அப்படியே உள்ளது.

எதிர்த்திசையிலும் இழப்பு நேர்கிறது. சைகை மொழியில் பல வினைகள் செய்வோனிடமிருந்து செயப்படுவோனை நோக்கி நகர்பவை. கையுரு செயலின் வகையையும், இடம் உறுப்பையும் காட்டும். தமிழின் ‘சேர்ந்தார்கள்’, ‘உறவு கொண்டார்கள்’ என்பன இருவரையும் ஒருசேர எழுவாயாக்கி யார் யாரைச் செய்தது என்பதை அழித்துவிடும். ஒரு சிறுமி கைகளால் துல்லியமாகக் காட்டிய ஒரு செயலை, அவையஞ்சும் மொழிபெயர்ப்பாளர் ‘உறவு கொண்டதாகக் கூறுகிறாள்’ எனப் பெயர்த்தால், அவள் கூறாத ஓர் உடன்பாடு தமிழில் புகுந்துவிடுகிறது. மூலமொழியில் இருந்த திசை பெயர்ப்புமொழியில் இல்லாமற் போவதை மொழிபெயர்ப்பியலில் சிறு இழப்பு என்று கணக்கிடுவோர் உண்டு. இங்கு அவ்விழப்பின் மேல் தீர்ப்பு எழுதப்படுகிறது.

ராஜஸ்தான் அரசு – தர்ஷன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2012இல் அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. அது ஒரு கொலை வழக்கு. சாட்சி பேசவும் கேட்கவும் இயலாதவர். மொழிபெயர்த்தவர் அவருடைய தந்தை. சைகைகளுக்குக் கூறப்பட்ட விளக்கத்தை மட்டும் பதிவது போதாது, சைகைகளும் பதியப்பட வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. இதன் பொருள், மூலத்தை அழித்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் காப்பது ஏற்கத்தக்கதன்று என்பதே. ஒளிப்பதிவு வந்த பின்னரும் வழக்குரைஞர் படிப்பது தமிழ்த் தாளையே. ஆதலின் அத்தாளில் ஒவ்வொரு விடைக்கும் முதலில் கையுரு, இடம், திசை ஆகியவற்றைக் குறிக்கும் வரியும், அதன் கீழ்த் தமிழ்ப் பெயர்ப்பும் அமையுமாறு செய்வது இயலக்கூடிய ஒன்று. சைகை மொழி ஆய்வாளர் தம் தரவுகளை இவ்வாறே எழுதுகின்றனர்.

2020 அக்டோபரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவும் மேற்குறித்த சைகை மொழி மையமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழியாக்கும் பணி தொடங்கியது. அப்பணியில் இனப்பெருக்கப் பாடத்தை அடையும் மொழிபெயர்ப்பாளர், பாடநூல் விட்ட வெற்றிடத்தை அவ்வாறே விடுவதா, நிரப்புவதா என்று முடிவு செய்தாக வேண்டும். மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்னும் கோட்பாடு முதலாவதை வேண்டும். ஆனால் மூலநூலார் அவ்வெற்றிடத்தை விட்டது, காதுகேட்கும் மாணவன் அதனை நிரப்பிக்கொள்வான் என்னும் நம்பிக்கையில். அந்நம்பிக்கையையும் சேர்த்துப் பெயர்ப்பதாயின், விடுபட்ட அந்த ஒரு தொடரை, உரிய கையுருவோடும் திசையோடும், வகுப்பறைக்குரிய அடக்கத்தோடும், காதுகேளா ஆசிரியர் ஒருவரின் துணைகொண்டு சைகையில் சேர்ப்பதே பெயர்ப்பாகும்.